பாரன் தீவைப் பற்றி நீ கேட்டது

சென்னை,
12 அக்டோபர் 2025

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் கைக்கு வந்தது. அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது, நன்றாகத் தெரிகிறதாம். பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு எனக்கும் வாசித்துக் காட்டுகிறாள். உன் பெரியவள் நர்சிங் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னதும் அவளுக்கு அத்தனை சந்தோஷம். அந்தமானில் இருந்து ஊருக்கு வரும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். செப்டம்பரில் பாரன் தீவு எரிமலை இரண்டு முறை பொங்கியதும் உன் வகுப்புப் பிள்ளைகள், "டீச்சர், இதுவும் கிரகடோவா மாதிரி சரிந்து நம் மேல் சுனாமி வருமா?" என்று கேட்டார்களாமே. அந்த வயதில் இப்படியொரு கேள்வி கேட்கத் தெரிந்திருக்கிறதே, அதை நினைத்து இரண்டு நாள் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அவர்களுக்கு முதலில் இதைச் சொல். 2018 டிசம்பர் 22 ராத்திரி, இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில், பழைய கிரகடோவாவின் குட்டியான அனக் கிரகடாவ் எரிமலையின் தென்மேற்குச் சரிவு அப்படியே கடலில் விழுந்தது. பெரிய நிலநடுக்கம் ஒன்றும் இல்லை. அங்கே இருந்த எச்சரிக்கை முறையோ நிலநடுக்கத்தை வைத்துத்தான் சுனாமியைக் கணித்தது. அதனால் யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. பௌர்ணமி வேறு, ஓதம் (கடல் ஏற்றம்) ஏறியிருக்கிறது என்றுதான் அதிகாரிகளே முதலில் நினைத்தார்கள். தஞ்சுங் லெசுங் கடற்கரையில் ஓர் இசைக்குழு மேடையில் பாடிக்கொண்டிருந்தது. அலை மேடைக்குப் பின்னால் இருந்து வந்தது. நானூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

மறுநாள் விடியற்காலை, இடிந்து எட்டு மணி நேரம் ஆன பிறகு, ஐரோப்பாவின் சென்டினல்-1 ராடார் செயற்கைக்கோள் அந்தத் தீவின் மேலாகப் போனது. சுற்றிலும் சாம்பலும் மேகமும். கேமரா வைத்த செயற்கைக்கோள் என்றால் வெறும் வெள்ளைதான் தெரிந்திருக்கும். ராடாருக்கு மேகம் ஒரு தடையே இல்லை. அந்தப் படத்தை முதன்முதலில் திரையில் திறந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். மலையின் ஒரு பக்கம் வெட்டி எடுத்த மாதிரி காணவில்லை. அடுத்த சில நாள் வெடிப்புகளும் முடிந்து பார்த்தால், 338 மீட்டர் உயரம் இருந்த கூம்பு 110 மீட்டருக்கு இறங்கியிருந்தது.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. பிற்பாடு பழைய ராடார் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சரிவு பல மாதங்களாகவே கடல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. தகவல் எல்லாம் பதிவாகி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இருந்தது. அதைப் பார்த்து, "இது இன்ன விதமாக விழலாம், கரையில் இருப்பவர்கள் தள்ளி இருங்கள்" என்று சொல்லத்தான் ஆளில்லை. நான் செய்கிற வேலையே அந்தப் படங்களைப் பார்ப்பது என்பதால் இது என்னைத் தைக்கிறது, செல்வி.

நகர்வது எப்படித் தெரிகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். செயற்கைக்கோள் ஒரே இடத்தை 12 நாளுக்கு ஒரு முறை ஒரே பாதையில் வந்து ராடார் அலையால் தொட்டுப் பார்க்கிறது. சென்டினலின் அலை நீளம் 5.6 சென்டிமீட்டர். போன அலை திரும்பி வரும்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. இரண்டு தேதிகளின் படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கழித்தால், தரை நகர்ந்த இடத்தில் மட்டும் வண்ண வளையங்கள் எழும். மழைத் தண்ணீரில் பெட்ரோல் சொட்டினால் நிறம் நிறமாக விரியுமே, அதே மாதிரி. ஒரு வளையம் என்றால் தரை ராடாரை நோக்கியோ விலகியோ 2.8 சென்டிமீட்டர் போயிருக்கிறது என்று கணக்கு.

உங்கள் தீவுகளில் ஒரு சிக்கல் உண்டு. அத்தனையும் காடு. சின்ன அலை இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும், இலையோ காற்றுக்கு ஆடும். அதனால்தான் ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நைசார் கிளம்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. அதன் ஒரு ராடாருடைய அலை நீளம் 24 சென்டிமீட்டர். இலையைத் தாண்டி மண்வரை போகும்.

இப்போது பாரன் தீவு. அனக் கிரகடாவ், 1883-இல் தாய் மலையான கிரகடோவா வெடித்த பள்ளத்தின் விளிம்பில், செங்குத்தான கடலடிச் சரிவில் வளர்ந்த மலை. சறுக்குவதற்கு இடம் இருந்தது. பாரனில் இப்போது புகைகிற கூம்பு ஒரு பழைய எரிவாயின் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. மேற்கே மட்டும் சுவர் இல்லாமல் திறந்து கிடக்கிறது. 1787-இல் பொங்கியதாகப் பதிவு இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தூங்கிவிட்டு 1991-இல் விழித்தது. அதிலிருந்து விட்டு விட்டுப் பொங்குகிறது, பெரும்பாலும் சின்ன அளவில். இப்போது பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த மேற்குப் பக்கத்தை 12 நாளுக்கு ஒரு தரம் யாராவது உட்கார்ந்து பார்த்தே ஆகவேண்டும். என்னால் முடிந்தவரை நான் பார்க்கிறேன்.

அதைவிட எனக்குக் கவலை, உங்கள் காலுக்குக் கீழே இருக்கிற பூமித் தட்டுதான். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் தொடங்கிய பிளவு வடக்கே அந்தமான்வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓடியது. அன்று இரண்டு மணி நேரம் கழித்து கடல் மட்டத்தை அளக்கிற ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலைக் கடந்தது. நடுக்கடலில் அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர் என்று அளந்தது. நாகப்பட்டினத்தில் ஆட்கள் அப்போது கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஆனால் அந்த அளவு கணக்காகி வெளியே வரப் பல மணி நேரம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன தடவை வந்தபோது நீ என்னைச் சிப்பிகாட் கூட்டிப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீருக்கு அடியில் வயல் வரப்பு நேர்கோடாகத் தெரிந்தது. தலை இல்லாத தென்னை மரங்கள் உப்புத் தண்ணீரில் நின்றன. போர்ட் பிளேர் பக்கம் (பேர் மாறினாலும் எனக்கு அது போர்ட் பிளேர்தான்) நிலம் ஒரு மீட்டர் போல இறங்கியது. கிரேட் நிக்கோபாரில் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் போயிற்று. வடக்கே திக்லிபூர் பக்கமோ நிலம் உயர்ந்து, பவளப்பாறை வெயிலில் காய்ந்தது, ஓதம் எட்டாமல் அலையாத்தி மரங்கள் பட்டுப்போயின. ஒரே நாளில் ஒரு பக்கம் மூழ்கி மறுபக்கம் மேலே வந்ததைச் செயற்கைக்கோள் படங்களில் பவளத்தின் கரையை வைத்துத்தான் கோடு போட்டுப் பிரித்தார்கள்.

2007-இல் இருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, நல்ல வேலை செய்கிறது. ஆனால் பிளவுக்கு மேலேயே இருக்கிறவர்களுக்கு நேரம் மிகக் குறைவு. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907 சுனாமியில் நொந்தவர்கள், "ஸ்மோங்" என்ற ஒரு சொல்லைப் பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004-இல் அங்கே சுமார் 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். உன் வகுப்பில் இதைச் சொல்லு. வெறும் பாடமாக வேண்டாம், எந்த மேட்டுக்கு, எந்த வழியாக என்று கூடவே நடந்து காட்டு.

எனக்கும் ஓர் உதவி வேண்டும். வருகிற பௌர்ணமி அன்று உச்ச ஓதத்தில் உங்கள் படகு ஜெட்டியில் எத்தனை படி நனைகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல். மணியையும் குறிக்கட்டும். மாசா மாசம் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப்போடச் சொல், போதும். நான் மேலே இருந்து வருகிற எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் வசந்தி