முனிராஜுக்கு, அந்த இரண்டு கார்கள் பற்றி

கிருஷ்ணகிரி

அன்புள்ள முனிராஜ்,

இங்கிலாந்தில் நீ வாங்கப் பார்க்கிற இரண்டு கார்களின் எம்.ஓ.டி., அதாவது அங்கே கார்களுக்கு நடக்கிற பாதுகாப்புச் சோதனை, அதன் விவரம் வந்து சேர்ந்தது. பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். வண்டி நம்பரைத் தட்டினால் போதும். எந்தெந்த வருஷம் சோதனைக்குப் போனது, அன்றைக்கு எத்தனை மைல் ஓடியிருந்தது, எதனால் ஃபெயில் ஆனது, எதைச் சீக்கிரம் மாற்றச் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் காசு வாங்காமல் யாருக்கும் காட்டுகிறார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இங்கே வண்டியின் ஜாதகத்தைப் புரோக்கர் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஊர் சமாச்சாரம். எல்லோரும் நலம். மாம்பழ சீசன் முடியப் போகிறது. மாங்கூழ் ஆலைகளுக்கு தோத்தாபுரி லோடு அடித்த சின்ன யானை (டாடா ஏஸ்) வண்டிகள் ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வருகின்றன. கிளட்ச், பிரேக், பின்பக்கப் பட்டை என்று எல்லாமே அளவுக்கு மீறி ஏற்றியதால் வந்த வேலை. மகள் பர்கூர் என்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருஷம் போகிறாள். உன் அப்பாவைப் போன வாரம் காவேரிப்பட்டினத்தில் போய்ப் பார்த்தேன். முட்டி வலி இருக்கிறது, மற்றபடி திடமாக இருக்கிறார். அவருடைய வேகன் ஆர் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

எந்த மாடல் சோதனையில் அதிகம் பாஸ் ஆகிறதோ அதையே வாங்கிவிடலாம் என்று நீ எழுதியிருந்தாய். மாடல் கணக்கைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் பணத்தை எடுத்து வைக்காதே. அந்தக் கணக்கில் வண்டியின் தரத்தோடு, அதை வைத்திருந்தவர்களின் கவனமும் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தப் பட்டியலால் முடியாது.

ஜெர்மனியில் டியூவ் என்கிற அமைப்பினர், எந்த மாடல் எவ்வளவு குறையோடு சோதனைக்கு வந்தது என்று வருஷாவருஷம் பட்டியல் போடுகிறார்கள். அங்கே புது காருக்கு 3 வருஷம் கழித்து முதல் சோதனை, அப்புறம் 2 வருஷத்துக்கு ஒருமுறை. அந்தப் பட்டியலில் பலமுறை மேலே நின்றது போர்ஷே 911. பலமுறை அடியில் நின்றது டாசியா லோகன். லோகன் உனக்கு ஞாபகம் இருக்கும். 2007-இல் மஹிந்திராவும் ரெனோவும் சேர்ந்து இங்கே இறக்கிய வண்டி, பிறகு வெரிட்டோ என்று பேர் மாறி டாக்ஸி ஸ்டாண்டுகளில் நின்றதே, அதுதான். என்னிடம் வந்த டிரைவர்களில் அதை ஏசியவர்கள் குறைவு. டீசலுக்கு மைலேஜ் கொடுக்கும், பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், நம் ரோட்டுக் குழிகளையும் தாங்கும் என்பார்கள். அப்படிப்பட்ட வண்டி அங்கே ஏன் கடைசிக்குப் போனது? போர்ஷே வைத்திருப்பவர் அதை ஷெட்டில் நிறுத்திவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச தூரம் ஓட்டி, கேட்ட காசைக் கொடுத்து சர்வீஸ் செய்கிறார். லோகன் வாங்குகிறவர் காசு குறைவு என்பதற்காகவே அதை வாங்குகிறார். தினமும் வேலைக்கு ஓட்டுகிறார், புஷ் தேய்ந்தாலும் அடுத்த மாசம் பார்க்கலாம் என்று விடுகிறார். லோகனில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்பக்க சஸ்பென்ஷன் வேலை அதில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில் ஒரு பங்காவது வண்டிக்காரரின் பையைப் பொறுத்தது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ரொம்ப மோசமாக ஃபெயில் ஆகிற பழைய வண்டியை ரிப்பேர் செய்யக் கட்டுப்படியாகாமல் உடைக்கப் போட்டுவிடுவார்கள். மிஞ்சி நிற்பது நன்றாக வைத்திருந்தவைதான். அதனால் பழைய மாடல் ஒன்றின் பாஸ் கணக்கு நன்றாக இருக்கிறது என்றால், கெட்டவை கணக்கிலேயே இல்லை என்பதும் அதற்குள் அடக்கம்.

சரி, உன் இரண்டு வண்டிகளுக்கு வருகிறேன்.

ஹோண்டா ஜாஸ், 2011 மாடல். இதுவரை ஒரு தடவைகூட ஃபெயில் ஆகவில்லை, ஜாஸுக்கு அங்கே எல்லோரும் நல்ல பேர் சொல்கிறார்கள் என்று அதைத்தான் முதலில் போட்டிருந்தாய். எனக்கு அந்த வண்டி பிடிக்கவில்லை. பாஸ் என்று எழுதியிருப்பதற்குக் கீழே அட்வைசரி என்று, அதாவது சீக்கிரம் கவனிக்கச் சொன்ன குறை என்று, சின்ன எழுத்தில் இருப்பதைப் படி. 2022-இல் பிரேக் பைப்பில் துரு என்று எழுதியிருக்கிறார்கள். 2023-இலும் அதே. 2024-இலும் அதே, கூடவே முன் டயர் இரண்டும் உள் ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று ஒரு வரி. குளிர்காலத்தில் உங்கள் ரோட்டில் உப்பு தூவுவார்கள் இல்லையா, அந்த உப்புத் தண்ணீர் அடியில் அடித்து இரும்பைத் தின்கிறது. மூன்று வருஷம் தொடர்ந்து சொல்லியும் அந்தப் பைப்பை யாரும் தொடவில்லை. டயர் உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் போயிருக்கும், இல்லாவிட்டால் லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கும். புது டயர் போட்டு மூடி மறைக்கிற விஷயம் இல்லை அது. அந்த வண்டிக்காரர் சோதனையில் தேறுகிற அளவுக்கு மட்டும் செலவு செய்திருக்கிறார். அடுத்த வருஷம் அந்தப் பைப் ஃபெயில் ஆகும்போது காசு கொடுக்கப் போவது நீ.

ஹூண்டாய் ஐ10, 2012 மாடல். 2015-இல் முதல் எம்.ஓ.டி., பாஸ். 2019-இல் ஃபெயில்: முன் இடது காயில் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, பின் நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை. அன்றே சரி செய்து மறு சோதனையில் பாஸ். 2021-இல் டயர் பட்டன் குறைவு என்று அட்வைசரி. அடுத்த வருஷம் அந்த வரி இல்லை, அதாவது டயர் மாற்றியிருக்கிறார்கள். 2023-இல் பின் பிரேக் மிதிக்காதபோதும் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று எழுதினார்கள். 2024-இல் அதுவும் இல்லை. மைல் கணக்கு வருஷத்துக்கு 5,000-க்குப் பக்கமாக ஒரே சீராக ஏறுகிறது, எங்கும் பின்னால் போகவில்லை. மீட்டரைத் திருப்பி வைத்திருந்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். 2020-இல் சோதனை தாமதமானதைப் பார்த்து நீ பயந்திருந்தாய். அது கொரோனா வருஷம். மார்ச் 30-க்கும் ஜூலை 31-க்கும் நடுவில் எம்.ஓ.டி. முடிகிற வண்டிகளுக்கு அங்கே ஆறு மாதம் தள்ளிக் கொடுத்தார்கள் என்று மகள் தேடிப் படித்துச் சொன்னாள். இங்கேயும் அப்போது எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதி என்கிற சான்று) தேதியைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தார்கள்.

அந்த ஃபெயில் ஆன வண்டியைத்தான் நான் எடுப்பேன். குறை சொன்னவுடன் கை வைத்தவரிடம் இருந்த வண்டி அது. அங்கே சோதனைக்குப் போகும் கார்களில் நாலில் ஒன்றுக்கு மேல் முதல் தடவை ஃபெயில் ஆகிறது. விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர்தான் பெரும்பாலான காரணம். பல்பு எரியாததும் ஃபெயில், பிரேக் பிடிக்காததும் ஃபெயில். அதனால் எத்தனை ஃபெயில் என்று எண்ணுவதைவிட எதனால் என்று படிப்பதுதான் உதவும். இன்னொரு சந்தோஷமும் எனக்கு இருக்கிறது. உன் ஊருக்கு வந்த அந்தத் தலைமுறை ஐ10 நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்து கப்பலில் போனது. அதற்கு அடுத்த ஐ10-ஐத்தான் ஐரோப்பாவுக்காகத் துருக்கியில் செய்தார்கள். இங்கே அந்த வண்டியை எத்தனையோ தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன், அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

ஆனாலும் காகிதத்தைப் பார்த்து மட்டும் காசு கொடுத்துவிடாதே. எம்.ஓ.டி.யில் என்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. காலையில் போ, என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது நீயே ஸ்டார்ட் செய். விற்கிறவர்கள் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டில் கை வைத்தாலே தெரியும். கீயைத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஸ்டியரிங் விளக்குகள் எல்லாம் எரிந்து, என்ஜின் ஸ்டார்ட் ஆன சில வினாடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் ஒரு கோளாறு. ஆரம்பத்திலேயே எரியவில்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கலாம், அது இன்னும் மோசம். கிளட்ச் மிதி ரொம்ப மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் தட்டு தேய்ந்துவிட்டது, அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேள். ஒரு சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திப் பார். நீ வாங்கிய பிறகு சோதனைக்கு விடும்போது, உங்கள் ஊர் கவுன்சில் நடத்துகிற சோதனை நிலையம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறதா என்று விசாரி. அங்கே பெரும்பாலும் வெளியார் வண்டிக்கு ரிப்பேர் வேலை செய்ய மாட்டார்கள், அதனால் இல்லாத குறையைச் சொல்ல அவர்களுக்கு அவசியமில்லை. நானும் பட்டறைக்காரன்தான், ஆனாலும் சோதிக்கிறவரும் ரிப்பேர் செய்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது நல்லதில்லை என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் எழுதும்போது நம் ஊர் நிலைமைதான் மனதை அறுக்கிறது. நம் சொந்த காருக்குப் புதிதாக வாங்கி 15 வருஷம் வரை அடியில் குனிந்து பார்க்க ஆள் கிடையாது, புகை சர்டிபிகேட் மட்டும்தான். வாடகை வண்டிகளுக்கு எஃப்.சி. உண்டு, 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷாவருஷம். பல வருஷமாகப் பிரேக் இன்ஸ்பெக்டர்தான் பார்த்து, ஓட்டி, கையெழுத்துப் போட்டு வந்தார். ஒரு காலைப் பொழுதில் வரிசையாக நிற்கிற வண்டிகளை ஒரு மனிதர் கண்ணால் பார்த்து எவ்வளவு கண்டுபிடிக்க முடியும்? ரோலர் மேல் ஏற்றினால் நாலு சக்கரமும் தனித்தனியாக எவ்வளவு பிடிக்கிறது என்று மெஷின் சொல்லிவிடும். நம் ஆட்கள் எஃப்.சி. என்றால் டிங்கரிங், பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வண்டி பளபளவென்று போகிறது, பாஸ் ஆகிறது. வாங்க வருகிறவன் எம்-பரிவாஹன் ஆப்பில் பார்த்தால் எஃப்.சி. எந்தத் தேதி வரை என்று மட்டும் இருக்கும். போன தடவை எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதெல்லாம் அவன் கண்ணுக்கு வராது.

சீசனுக்கு முன்னால் ஒரு பையன் பழைய மேக்சி கேப் ஒன்றை வாங்கி நேராக என்னிடம் கொண்டுவந்தான். எஃப்.சி. எடுத்து மாசம்கூட ஆகவில்லை, புது பெயின்ட் வாசனை போகவில்லை. பின் டிரம்மைக் கழற்றினேன். பிரேக் ஷூவில் லைனிங் காகிதம் மாதிரி மிச்சம், ரிவெட் தலை வெளியே வந்து டிரம்மில் சுற்றிலும் வரி போட்டிருந்தது. விரல் நகம் அதில் சிக்கி நின்றது. அடுத்த நாள் சேலத்துக்குக் கல்யாண பார்ட்டி ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தான். சேலம் என்றால் தொப்பூர் கணவாய் இறக்கம். தர்மபுரி தாண்டி அந்த இறக்கத்தில் பிரேக் விட்டு, முன்னால் போகிற வண்டிகள் மேல் லாரி ஏறின செய்திகளை நீயும் நானும் எத்தனை வருஷமாகப் படிக்கிறோம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் ஒரு பக்கம், தேய்ந்த லைனிங்கோடு இறங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்தப் பையனிடம் ஷூவையும் டிரம்மையும் கையில் கொடுத்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. கல்யாண பார்ட்டிக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துவிட்டு, டிரம் புதிதாகப் போடச் சொன்னான். அவன் வாங்கும் முன்னாலேயே அந்த வண்டியின் பழைய சோதனைத் தாள்களைப் பார்க்க முடிந்திருந்தால், அந்த விலைக்கு வாங்கியிருப்பானா?

எனக்கு ஒரே ஆசை. இங்கே சோதனை செய்கிற ஒவ்வொரு வண்டிக்கும் அன்றைய கிலோமீட்டரும் கண்ட குறையும் பதிவாக வேண்டும், அது நம்பர் போட்டால் யாருக்கும் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் 1960-இல் ஆரம்பித்தபோது 10 வருஷமான வண்டிக்கு பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மட்டும்தான் பார்த்தார்களாம். 1967-இல் 3 வருஷ வண்டிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இங்கேயும் பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கட்டும், போதும். அதுவரை என் பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், குறை எழுதி வைக்க மகள் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். விற்கும்போது அந்தப் பக்கத்தின் நகலை வாங்குகிறவரிடம் கொடுக்கச் சொல்கிறேன். சிலர் கொடுக்கிறார்கள்.

அப்பாவின் வேகன் ஆருக்கு இந்த வருஷக் கடைசியில் 15 வருஷம் முடிகிறது. ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. விற்றுவிடலாமா என்று அப்பா கேட்டார். அடியில் படுத்துப் பார்த்தேன். நம் ஊரில் உப்பு இல்லாததால் அடிப்பலகை சுத்தமாக இருக்கிறது. முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிகிறது, டை ராடு எண்ட் ஒன்று ஆடுகிறது, வைப்பர் பிளேடு போய்விட்டது. அதை மாற்றினால் தாராளமாக இன்னும் 5 வருஷம் ஓடும். விற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உனக்குச் சம்மதமா என்று எழுது. சம்மதம் என்றால் ஒரிஜினல் ஆர்.சி. எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு போன் செய்து கேட்டு வை. என்னிடம் பீரோவில் என்கிறார், அம்மா உன் தம்பி வீட்டில் என்கிறார். இன்ஷூரன்ஸும் புகை சர்டிபிகேட்டும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட மட்டும் அப்பா வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஐ10-ஐப் பார்க்கப் போகும்போது அடிப்பக்கத்தையும் நாலு டயரையும் போட்டோ எடுத்து அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாதேஷ்