கும்மியைப் பாடி அடிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மியின் அரங்கேற்றம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையையும் படங்களையும் பார்த்தேன். ஒரே நிறச் சேலையில் அத்தனை பெண்கள் வட்டம் கட்டி நிற்பதைப் பார்க்க மனசு நிறைந்தது. கொங்குப் பக்கத்துக் கும்மிக்கு இப்போது கிடைக்கும் மதிப்பு எங்களுக்குப் பெரிய சந்தோஷம். கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் ஊரிலும் இனிப்பு வழங்கினோம். ஆண்கள் மட்டும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த பெரியவர் அவர்.

ஆனால் கட்டுரை முழுக்க ஆட்டத்தைப் பற்றியே இருந்தது. பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவிநாசி வட்டாரத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் ஞாயிறுதோறும் இருட்டின பிறகு கூடுகிறோம். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எழுபது தாண்டிய அம்முச்சிகள் (பாட்டிகள்) என்று எல்லாரும் வருவார்கள். இது அரங்கேற்றத்துக்கான பயிற்சி அல்ல, பாடுவதற்காகவே கூடுகிற கூட்டம். வள்ளி தினைப்புனம் காத்ததும், முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து நின்றதும் பாட்டாக வரும். பொங்கல் முடிந்து பூப்பறிக்கப் போகும்போது பாடுகிற பாட்டுகள், முளைப்பாரியைச் சுற்றிப் பாடுகிறவை, மழை கேட்டுப் பாடுகிறவை எல்லாம் வரும். சில நாள் ஒரே பாட்டோடு நேரம் போய்விடும்.

மூத்தவர் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். கைத்தட்டு பாட்டிலிருந்துதான் பிறக்கிறது. பாடுகிறவருக்கு மூச்சு வாங்கினால் வட்டமும் மெதுவாகிறது. சின்னப் பிள்ளை ஒன்று அடி தவறினால், "இரு அம்மிணி" என்று சொல்லி அதே அடியை மறுபடி பாடுவார். பிள்ளை காலைச் சரி செய்துகொள்ளும். திருமணமாகி வந்த புதுப்பெண் நின்றால் அவள் ஊர்ப் பெயரைப் பாட்டில் சேர்த்துவிடுவார்கள், அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். இப்படித்தான் நானும் கற்றேன், என் மகளும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது பல மேடைகளில் நடப்பது வேறு. போட்டி நடத்துகிறவர்கள் பாட்டைப் பென்டிரைவில் கொண்டுவரச் சொல்கிறார்கள், அதுவும் ஐந்து நிமிடத்துக்குள். ஒலிபெருக்கியில் யாரோ பாடுகிறார்கள், பெண்கள் வாயை மூடிக்கொண்டு அடவு மட்டும் போடுகிறார்கள். பென்டிரைவ் யாருக்காகவும் காத்திருக்காது. அதன் வேகத்துக்கு ஆட முடியாத வயதானவர்கள் முதலில் ஒதுங்குகிறார்கள். பாட்டுகள் இருப்பதே அவர்களிடம்தான், அவர்கள் போனால் எதை ஆடப்போகிறோம்? ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் ஆடவைக்கப் பதிவுசெய்த பாட்டு வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் புரிகிறது. சரி, அங்கே வைத்துக்கொள்ளட்டும். இருபது பேர் ஆடுகிற பள்ளி ஆண்டுவிழாவிலும் எதற்கு?

எழுதிவைத்தால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எழுதுவது நல்ல காரியம். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேர்த்த நாட்டுப்பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்று 1958இல் பதிப்பித்தார். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் மெட்டு தாளில் வருவதில்லை. எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எங்கே சட்டென்று நிறுத்திக் கைதட்ட வேண்டும் என்பதைப் பாடுகிறவர் பக்கத்தில் நின்றுதான் பிடிக்க முடியும்.

எங்களுக்குப் பெரிய உதவி எதுவும் வேண்டாம். கோயில் முன்னால் உள்ள விளக்கு ஞாயிறு இரவு எரிந்தால் போதும். பழுதானால் மாதக்கணக்கில் இருட்டாகவே கிடக்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் நேரில் பாடி ஆடும் குழுக்களுக்குத் தனிப் பரிசு வைக்கலாம். ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கும்போது பாட்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கட்டும். ஊரில் பாடத் தெரிந்த அம்முச்சி ஒருவரை அழைத்தால் வராமல் இருக்க மாட்டார். பேரப்பிள்ளைகள் கையில் இருக்கும் போனில் பாட்டி பாடுவதைப் பதிவுசெய்து, பாடியவர் பெயரையும் ஊரையும் சேர்த்து வைக்கட்டும். இதை எங்கள் குழுவில் தொடங்கிவிட்டோம்.

அப்புறம், உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கும்மியைப் பற்றி எழுத நிருபரை அனுப்புவதாக இருந்தால் அரங்கேற்ற நாளில் அனுப்பாதீர்கள். ஒரு ஞாயிறு இரவு அனுப்புங்கள். அன்றைக்கு யாரும் ஒரே நிறத்தில் சேலை கட்டியிருக்க மாட்டோம், ஆனால் எல்லாரும் பாடிக்கொண்டிருப்போம். அவரும் வட்டத்தில் நின்று பாடலாம்.

இப்படிக்கு,
அவிநாசி வட்டார வாசகி ஒருவர்