தேயிலைச் சம்பள நிர்ணய சபைக்கு: 1550 ரூபா எத்தனை நாளுக்கு?

சபையின் தலைவருக்கும், அரசு, முதலாளிமார், தொழிற்சங்கத் தரப்பு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சு எப்போதும் ஒரு எண்ணைச் சுற்றியே நடக்கிறது. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா, 2024இல் 1350. இப்போது 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1550உம், வருகைக்காக அரசு தரும் 200உம். ஒவ்வொரு உயர்வும் போராடிப் பெற்றதுதான். அதை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் மாத முடிவில் வாங்கும் காசை அந்த எண் மட்டும் முடிவு செய்வதில்லை. எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாட்சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கேட்டார்கள், தராசில் எவ்வளவு கழித்தார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. மூன்றும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. 1550 வீதம் 19 நாள் வேலை செய்தால் 29,450. அந்தக் கோட்டைத் தொடவே 20 முழுப் பேர் வேண்டும். வேலை 15 நாள்தான் கிடைத்தது என்றால் 23,250. அதில் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 1,860 ரூபா போனால் மிச்சம் 21,390. பிறகு முற்பணம், சங்கச் சந்தா, கோயில் பணம், தேயிலைத் தூள் என்று சம்பளச் சிட்டையில் வரிசையாகக் கழிவுகள் வரும். வருகைக் கொடுப்பனவு 3,000 சேர்ந்தாலும் ஒரு குடும்பம் அரிசி, மா, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் பஸ் காசு எல்லாவற்றையும் இதற்குள் அடக்க முடியாது.

அரைப்பேர் இதைவிட மோசம். கேட்ட கிலோ வராவிட்டால் அன்றைக்குப் பாதிச் சம்பளம், 775 ரூபா. ஒருத்தி மாதத்தில் 20 நாள் மலையேறி, 10 நாள் முழுப்பேரும் 10 நாள் அரைப்பேரும் வாங்கினால் அவளுக்குச் சேர்வதும் அதே 23,250தான். அவள் நின்ற நேரம் குறையவில்லை, கொழுந்துதான் குறைந்தது. கொழுந்து குறைவதற்கு அவள் காரணமா? வரட்சி மாதங்களில் செடி துளிர்க்காது. கவ்வாத்து வெட்டி, அதாவது செடியைக் கத்தரித்து, மீண்டும் எழும்பிய மலையில் முதல் சில பறிப்புச் சுற்றுகளில் பறிக்க அதிகம் இருக்காது. புல் வெட்டாத மலையில் பாதி நேரம் வழி தேடவே போகும். அங்கே அட்டையும் குளவியும் வேறு. உரம் போடாத, மீள்நடுகை செய்யாத வயதான செடிகளில் கைவேகம் எதையும் மாற்றாது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது விளைச்சல் சரிந்ததை நாடே பார்த்தது. பராமரிப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. அது தவறினால் வரும் நட்டத்தை அரைப்பேராகத் தொழிலாளி தலையில் கட்டுவதைச் சபை இனியும் அனுமதிக்கக் கூடாது.

பல தோட்டங்களில் கேட்கப்படும் அளவு 18 கிலோ. அந்த அளவு ஒன்றும் வேதவாக்கு அல்ல. எல்லா மலைக்கும் எல்லா மாதத்துக்கும் ஒரே எண் பொருந்தாது என்பது கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், தோட்டத்தை நடத்தும் துரைக்கும் தெரியும். எங்கள் யோசனை எளிது. அந்தந்த மலையில் முந்தைய மூன்று சுற்றில் ஆளுக்குச் சராசரியாக எவ்வளவு வந்ததோ அதை வைத்து அளவைக் குறிக்க வேண்டும். மலை நம்பரோடு, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எழுதிப் போட வேண்டும். அந்த மலையில் பறித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அளவை எட்டவில்லை என்றால் அன்று எல்லோருக்கும் முழுப்பேர். அப்படியொரு நாளில் பிழை அளவில் இருக்கிறது, பறித்தவர்களிடம் இல்லை.

தராசுக்கு வருவோம். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் கண்மதிப்பாகக் கழிக்கிறார்கள். நாளுக்கு மூன்று நிறுவை, நிறுவைக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும் 18 கிலோ காட்ட 21 கிலோ பறிக்க வேண்டும். 25 நாளில் 75 கிலோ. அளவுக்கு மேல் பறிக்கும் மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா என்று கணக்கிட்டால் மாதம் 3,750 ரூபா. இவ்வளவும் சிட்டையில் வராமலே போகிறது. வெறும் சாக்கை அதே தராசில் நிறுத்து அந்த எடையை மட்டும் கழிக்கலாம். ஈரத்துக்கான கழிவு மழை நாளில் மட்டும், முன்கூட்டியே அறிவித்த சதவீதத்தில் இருக்கலாம். மின்னணுத் தராசு வைத்திருக்கும் தோட்டங்கள், நிறுத்தவுடன் துண்டுச் சீட்டு அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம்.

200 ரூபாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா என்று பேசப்பட்டதில் அடிப்படைச் சம்பளம் 500தான். மிச்சம் வருகை, உற்பத்தி, விலைப் பங்கு என்ற பெயர்களில் வந்தது. சேமலாப நிதி 500க்கு மட்டுமே. அந்தப் பழக்கம் திரும்பக் கூடாது. 200 அடிப்படைக்கு வெளியே நிற்பதால் தொழிலாளி இழப்பதைப் பாருங்கள்: முதலாளி தரப்பின் 12 சதவீதச் சேமலாப நிதியும் 3 சதவீத ஊழியர் நம்பிக்கை நிதியும் சேர்ந்தால் 200க்கு நாளொன்றுக்கு 30 ரூபா. பணிக்கொடை ஆண்டுக்கு 14 நாட்சம்பளம். 30 ஆண்டு உழைத்தவருக்கு இந்த 200 மட்டுமே 84,000 ரூபா. ஆகவே அடுத்த நிர்ணயத்தில் அதை அடிப்படையோடு சேர்த்துவிடுங்கள். அரசு கொடுப்பனவை நிறுத்தும் நாளில் சம்பளம் கீழே விழாமலிருக்க வேறு வழி இல்லை.

உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலிதான் என்று கம்பனிகள் சொல்வது உண்மை. கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும் காலமும் உண்டு. ஆனால் அதற்கு மாற்றாக அவர்கள் முன்வைக்கும் வெளியார் முறையில் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கிலோக் கணக்கில் காசு தருகிறார்கள். நட்டமும் பராமரிப்பும் தொழிலாளிக்கு வந்துவிடுகின்றன, சேமலாப நிதியும் பணிக்கொடையும் போய்விடுகின்றன. பறித்த கிலோவுக்குக் கையில் காசு தரும் கைக்காசுப் பறிப்பும் அப்படித்தான். 1941ஆம் ஆண்டின் சம்பள சபைகள் கட்டளைச் சட்டம் நேரக் கூலிக்கும் துண்டுக் கூலிக்கும் குறைந்தபட்ச விகிதம் வகுக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. கிலோவுக்கான விகிதத்தையும் நீங்களே வகுக்கலாம்: சாதாரண வேகத்தில் எட்டு மணி நேரம் பறிப்பவருக்கு நாட்சம்பளத்துக்குக் குறையாமல் வரும்படி.

வேலை நாட்களைப் பற்றிப் பேசக் கூட்டு ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. 2021க்குப் பிறகு அந்த ஒப்பந்தமும் இல்லை. மாதம் 25 நாள் வேலை வழங்கப்பட வேண்டும், வேலைக்கு வந்தவரை நிர்வாகம் திருப்பி அனுப்பினால் அன்றைய சம்பளம் உண்டு என்ற ஏற்பாட்டை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகச் சேர்க்குமாறு கேட்கிறோம். நாட்சம்பள எண்ணை அதன் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையகத் தொழிலாளர் சம்பளத்தில் அக்கறையுள்ளோர்