கல்லூரி கேட்டுக்கு வெளியே இருப்பவர்களும் படம் பார்க்கட்டும்

குமரி மாவட்டக் கல்லூரித் திரைப்பட மன்றங்களின் பொறுப்பாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். நான் குளச்சல் பக்கத்துக்காரன். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் தயவில் உங்கள் உலக சினிமா திரையிடல்கள் சிலவற்றைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறித் திரைப்பட விழாவில் பார்க்க வேண்டிய படங்களை இங்கேயே இலவசமாகக் காட்டுகிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்தப் படங்கள் யாரைப் பற்றியவையோ அவர்களுக்கு உங்கள் அரங்கில் இடமில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

ஒரு கல்லூரியில் (எது என்பது இங்கே முக்கியமில்லை) இயக்குநர் லூக்கினோ விஸ்கோந்தியின் 'லா தெர்ரா திரேமா' காட்டினார்கள். 1948இல் வந்த இத்தாலியப் படம். சிசிலித் தீவில் ஆச்சி திரேட்சா என்ற மீனவ ஊர். விடியலில் படகுகள் கரை சேர்கின்றன. வியாபாரிகள் சுற்றி நின்று விலையை அடிக்கிறார்கள். அந்தோணி என்ற இளைஞனுக்கு ஒருநாள் பொறுமை போய், தராசைத் தூக்கிக் கடலில் எறிகிறான். பிறகு வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்கிறது அந்தக் குடும்பம். நெத்திலி அள்ள அள்ள வருகிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குகிறார்கள். அடுத்து ஒரு புயல். படகு போகிறது, வீடு போகிறது, உப்பிட்ட நெத்திலி அடிமாட்டு விலைக்குப் போகிறது. கடைசியில் அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போய் நிற்கிறான் அந்தோணி.

தராசு தண்ணீரில் விழுந்தபோது அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஊரில் காட்டியிருந்தால் விசில் பறந்திருக்கும். தரகரிடம் முன்பணம் வாங்கிவிட்டு, பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்குக் கொடுப்பது என்னவென்று தெரிந்தவர்கள் கடற்கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்த பிறகு கரையில் காத்துக் கிடந்தவர்களும் இருக்கிறார்கள். படம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் நியோரியலிசம் (எளிய சனங்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டும் இத்தாலியப் படப் பாணி) பற்றி நெடுநேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் கேள்வி நேரம் வருவதற்குள் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிட்டது.

'மீனவர்களுக்கெல்லாம் இந்தப் படம் புரியுமா?' என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அந்தப் படத்தில் நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை. அந்த ஊர் மீனவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். பேசியது அவர்களுடைய சிசிலிப் பேச்சு. அது மற்ற இத்தாலியர்களுக்கே விளங்காது என்பதால் விஸ்கோந்தி இத்தாலிய மொழியில் ஒரு பின்னணிக் குரலைச் சேர்த்தார். சொந்த நாட்டுக்காரனுக்கே அவர் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். நாமோ அதை ஆங்கில சப்டைட்டிலோடு அப்படியே ஓட்டிவிட்டுக் கூட்டம் வரவில்லை என்கிறோம். முதல் வரிசைப் பிள்ளைகள்கூடப் பாதி வரியைப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது என்று முணுமுணுத்தார்கள்.

சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறக்கும். தமிழ்த்துறைப் பிள்ளைகள் நாலு பேர், ஆங்கிலத்துறையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்கு ஒரு படத்தையாவது தமிழில் கொண்டுவந்துவிடலாம். பேச்சை நம் கடற்கரைத் தமிழிலேயே எழுதட்டும். செந்தமிழில் வேண்டாம், சிரித்துவிடுவார்கள்.

நாளும் நேரமும் அடுத்த விஷயம். வேலைநாள் மதியம் இரண்டு மணிக்குப் படம் போட்டால் வகுப்பைக் கட் அடிப்பவர்கள்தான் வருவார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். தடைக்காலம் இல்லாதபோதும் எங்கள் ஊர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு சாயங்காலம் கேட்டைத் திறந்து வையுங்கள். பாதுகாப்புதான் கவலையென்றால் வாசலில் ஒரு நோட்டு வைத்துப் பெயர் எழுதி உள்ளே விடுங்கள். அதுவும் முடியாதென்றால் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் தேவாலயத்தின் பங்கு மண்டபத்துக்கு வாருங்கள். கேரளத்தில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய 'ஒடேசா' திரைப்படக் குழு நண்பர்களும் ஊர் ஊராகப் படம் காட்டி, சனங்களிடம் சிறுகச் சிறுகக் காசு சேர்த்துத்தான் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். உங்களைப் படம் எடுக்கச் சொல்லவில்லை, காட்டினால் போதும். கல்லூரிக்கு வெளியே காட்டுவதற்கான உரிமையை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் வம்பு வேண்டாம்.

கடற்கரை மட்டும் இல்லை. முந்திரி ஆலைகளில் தோலுடைத்துக் கை கறுத்துப்போன பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். 1954இல் அமெரிக்காவில் வந்த 'சால்ட் ஆஃப் தி எர்த்' படத்தில், சுரங்கத் தொழிலாளர்கள் மறியல் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தபோது அவர்கள் மனைவிமார் போய் வரிசையில் நிற்பார்கள். அதை முந்திரி ஆலைப் பெண்களோடு உட்கார்ந்து பாருங்கள். சிறப்பு விருந்தினரே தேவைப்படாது.

இந்த ஜூனில் தொடங்கலாம். முதல் படமாக 'லா தெர்ரா திரேமா'வையே போடுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடுவில் சாயாவுக்கு இடைவேளை விடுங்கள். பங்குத்தந்தையிடம் பேசுவதும் ஊரிலிருந்து ஆட்களை வேன் வைத்துக் கூட்டிவருவதும் என் பொறுப்பு. தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் தகப்பன்