எம்.எஸ்சி. நிலவியல்: களக் குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தடி நீர் ஆய்வில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எம்.எஸ்சி. நிலவியல் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வெளித் தேர்வாளராகக் கல்லூரிகளில் என்னைக் கூப்பிடுவதுண்டு. இந்த ஆண்டு வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து வந்ததிலிருந்து இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிக்கொண்டிருக்கிறது.

என் கைக்கு வரும் ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் நீர்த்தரம் பற்றியவை. ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டு அதில் நாற்பது ஐம்பது கிணறுகளில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய எண்களை, நீரில் எந்த உப்புகள் மிகுதி என்று காட்டும் பைப்பர் படத்திலும், அவை எதனால் வந்தன என்று காட்டும் கிப்ஸ் படத்திலும் போடுகிறார்கள். ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வண்ண வரைபடம் வருகிறது. 'சில இடங்களில் நீர் குடிக்க ஏற்றதாக இல்லை' என்று முடிகிறது. வட்டத்தின் பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு தயார். இவ்வளவுக்கும் பிள்ளைகள் உழைக்காமல் இல்லை. பங்குனி வெயிலில் கேன்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வந்திருக்கிறார்கள். ஆனால் "எதைத் தெரிந்துகொள்ளப் போனீர்கள்?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். கேள்வி ஒன்றோடு கிளம்ப வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆராய்ச்சி முறையியல் என்று ஒரு தாள் பல இடங்களில் இருக்கத்தான் செய்கிறது. கருதுகோளின் வகைகள், கருத்தறியும் வினாப்பட்டியல் தயாரிப்பது, மேற்கோள் காட்டும் முறை என்று வகுப்பறையிலேயே அது முடிந்துவிடுகிறது. பாறையையும் கிணற்றையும் வைத்து அதைச் சொல்லிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் தர்மபுரியையே காட்டுகிறேன்.

இங்கே ஃபுளோரைடு பழைய பிரச்சினை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒரே ஊரில் ஒரு கிணற்றில் அளவுக்குள் இருக்கும், கூப்பிடு தூரத்தில் உள்ள ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு மடங்கு இருக்கும். ஏன்? ஆழத்தில் நைஸ் என்ற வன்பாறையின் வெடிப்புகளில் நெடுநாள் தங்கிய நீர், பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்திருக்கலாம். கால்சியம் சுக்கான்கல்லாகப் படிந்து நீரில் குறைந்துபோய், ஃபுளோரைடைக் கட்டிவைக்க ஆளில்லாமல் போயிருக்கலாம். வயலுக்கு இறைத்த நீர் ஆவியாகிச் செறிந்து, உரத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்ப இறங்கியிருக்கலாம். முதலாவது சரியென்றால் ஆழம் கூடக் கூட ஃபுளோரைடும் கூட வேண்டும். இரண்டாவது என்றால் கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த கிணறுகளில்தான் அது அதிகம் இருக்கும். மூன்றாவது என்றால் நைட்ரேட்டும் குளோரைடும் கூடவே ஏறும். இப்படி எழுதி வைத்துக்கொண்டு போகிற மாணவிக்கு எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், மழைக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவளுக்கு ஐம்பது கிணறுகள் தேவைப்படாது. மூன்றில் இரண்டு சேர்ந்தே நடந்திருக்கவும் கூடும், அதையும் அவள் பார்ப்பாள்.

இந்த முறை நிலவியலாளர்களின் சொந்தச் சொத்து. ஒரே விளக்கத்தின் மேல் பாசம் வைத்துவிடாமல் பல விளக்கங்களை ஒருசேர வைத்துச் சோதிக்க வேண்டும் என்று 1890-இல் எழுதிய சேம்பர்லின் ஒரு நிலவியலாளர். அவர் காலத்து நிலவியலாளரான கில்பர்ட், அரிசோனாவில் இருக்கும் பெரும்பள்ளம் விண்கல் விழுந்ததால் வந்ததா, நீராவி வெடிப்பால் வந்ததா என்று பார்க்கப் போனார். இரும்பு விண்கல் புதைந்திருந்தால் காந்த ஊசி விலக வேண்டும், கல் உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் விளிம்பில் குவிந்த மண் பள்ளத்தின் கொள்ளளவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு இரண்டையும் அளந்தார். இரண்டும் பொய்த்தன. நீராவி என்று முடிவு கட்டினார். அது தவறு, விண்கல்தான். அத்தனை வேகத்தில் மோதும் கல்லின் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் சிதறிவிடும் என்பது அன்று தெரியாது. ஆனால் எந்த அனுமானத்தில் நின்று அளந்தார் என்பதை எழுதி வைத்திருந்ததால், எந்த இடத்தில் பிசகியது என்று பின்னால் வந்தவர்களால் சொல்ல முடிந்தது. எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் இப்படி ஓர் ஆய்வேடு கொண்டுவந்தால் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

எண்களைச் சந்தேகப்படவும் பழக்க வேண்டும். நீரில் நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் (அயனிகளின் மின்சுமையையும் சேர்த்துப் பார்க்கும் அளவு) ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 5 சதவீத வித்தியாசம் சரி, 10-ஐத் தாண்டினால் ஆய்வகத்துக்குத் திரும்பப் போக வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத ஆய்வேடுகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். பி.எச்., காரத்தன்மை இரண்டையும் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். பாட்டிலில் இரண்டு நாள் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறும், கால்சியம் அடியில் படியும். கிப்ஸ் படம் 1970-இல் ஆறுகள், ஏரிகள் போன்ற மேற்பரப்பு நீரை வைத்து வரையப்பட்டது. வன்பாறைப் பகுதியின் ஆழ்துளை நீரை அதில் போடும்போது எதற்காகப் போடுகிறோம் என்று மாணவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காப்பியடித்த வாக்கியங்களைக் கண்டுபிடிக்க இப்போது எல்லா இடத்திலும் மென்பொருள் இருக்கிறது. தவறான எண்ணை அது கண்டுபிடிக்காது, வழிகாட்டிதான் பார்க்க வேண்டும்.

பாடத்திட்டக் குழுக்களை நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் எதுவும் இல்லை. களத்துக்குப் போகும் முன் ஒரே பக்கத்தில் கேள்வியும் போட்டி விளக்கங்களும் எழுதி வாங்குங்கள். பத்து மாதிரிக்கு ஒன்றை இரண்டு முறை பிடித்து, அடையாளம் சொல்லாமல் ஆய்வகத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். களக் குறிப்பேட்டை ஆய்வேட்டோடு சேர்த்து வைவாவுக்கு அனுப்புங்கள், அதற்கென்று மதிப்பெண் ஒதுக்குங்கள். அடித்தல் திருத்தலோடு, மண் ஒட்டிய குறிப்பேட்டைப் பார்த்தால் பிள்ளை என்ன யோசித்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், பெண் பிள்ளைகள் விஷயம். களத்துக்கு அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள் என்பதற்காக அவர்களைச் செயற்கைக்கோள் படங்களோடு கணினி முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். தலைப்பு கொடுக்கும்போதே இது நடந்துவிடுகிறது. துறையில் ஒரு வண்டியும் கூட ஒரு பெண் ஆசிரியரும் இருந்தால் எந்த வீட்டிலும் அனுப்புவார்கள். ஆசிரியருக்கு நேரம் இல்லையென்றால் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறோம். கூப்பிட்டால் ஒரு வாரம் கூடவே வந்து நிற்கத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலத்தடி நீர் ஆய்வாளர்,
தர்மபுரி.