அட்டவணையின் கடைசி வரியில் இருக்கும் எண்: ஸ்போர்ட்ஸ் கார் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் துறையைச் சேர்ந்தவன் அல்லன். பல ஆண்டுகளாக ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவன். வாய்ப்புக் கிடைக்கும்போது பந்தயத் தடத்தில் சுற்றுகிறவன். முடிந்தவரை காரின் வேலைகளை நானே செய்துகொள்கிறவன். அந்த அளவுத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன். புதிய மாடல் வெளிவரும்போதெல்லாம் குதிரைத்திறன் எவ்வளவு, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பவற்றைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். எடையை மட்டும் அட்டவணையின் கடைசி வரியில், அதுவும் எந்த நிலையில் எடுத்த எடை என்று சொல்லாமல், போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். அந்த எண்ணைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் என் காரின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் தனித்தனித் தராசு வைத்து எடைபோட்டேன். விற்பனைக் கையேட்டில் இருந்தது 1,410 கிலோ. தராசு காட்டியது 1,538. வித்தியாசம் எங்கே போனது என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கையேட்டில் இருந்தது உலர் எடை, அதாவது பெட்ரோலும் எண்ணெயும் குளிரூட்டும் நீரும் ஊற்றாத, யாராலும் ஓட்ட முடியாத ஒரு காரின் எடை. நிரம்பிய தொட்டி மட்டுமே 45 கிலோ. மிச்சத்தைக் கண்ணாடிக் கூரையும் ஒலிபெருக்கிகளும் மோட்டார் வைத்த இருக்கைகளும் பங்குபோட்டுக்கொண்டன. பக்கத்து இருக்கையின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, மின்கம்பி இணைப்புகளை உருவி, அதைக் கதவு வழியாகத் தூக்க முயன்றபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னொருவர் வந்து ஒரு பக்கம் பிடித்த பிறகுதான் வெளியே வந்தது. அல்பைன் ஏ110 என்ற இலகுவான பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் காரின் இருக்கை ஒன்று 13.1 கிலோ என்று படித்தது அப்போது நினைவுக்கு வந்தது, கொஞ்சம் எரிச்சலோடுதான்.

எடையை அறிவிக்கும் முறைகளிலேயே ஒழுங்கில்லை. ஜெர்மன் தரநிர்ணய அமைப்பின் டின் (DIN) முறைப்படி தொட்டியில் 90 விழுக்காடு எரிபொருள் உண்டு, ஓட்டுநர் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய முறையில் 75 கிலோ எடையுள்ள ஓட்டுநரும் சேர்கிறார். புதிய பிஎம்டபிள்யூ எம்5 காருக்கு அந்த நிறுவனம் 2,435, 2,510 என்று இரண்டு எண்களையும் முறையோடு சேர்த்துக் கொடுப்பதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த எண்களே இந்த மடலுக்கு ஒரு காரணம். முந்தைய தலைமுறை எம்5 காம்பெட்டிஷன் 1,900 கிலோவை ஒட்டி இருந்தது. 625 குதிரைத்திறனோடு 3.3 நொடியில் நூறைத் தொட்டது. புதியதில் 727 குதிரைத்திறன் இருந்தும் 3.5 நொடி ஆகிறது. நூறு குதிரைகளைக் கூடுதலாகப் பூட்டிய பிறகும் வண்டி பின்தங்குகிறது என்றால் அந்தக் குதிரைகள் எதை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன என்று கேட்கத் தோன்றுகிறது. அது நான்கு கதவுச் சொகுசுக் கார், தூய ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதியது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பினக் கார். அந்த மோட்டாரும் மின்கலமும் எடைக்கு என்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னோர் இணை எனக்குக் கிடைக்கவில்லை.

நேர்ப்பாதையில் எடையின் குறையைக் குதிரைத்திறனால் மறைத்துவிடலாம். பிரேக்கில் அந்த வழி இல்லை. 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்கும்போது 1,100 கிலோ எடையுள்ள கார் ஏறத்தாழ 14 இலட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். 1,700 கிலோ கார் 22 இலட்சம் ஜூலுக்கு மேல். ஒரு சுற்றில் இப்படி ஐந்தாறு இடங்கள் இருந்தால் டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. என் காரில் நான்காவது சுற்றிலேயே பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. பிரேக் திரவம் கொதித்துக் குமிழிவிட்டிருந்தது. எனக்குப் பின்னால் வந்தவர் என்னுடையதில் பாதித் திறன்கூட இல்லாத, ஆயிரம் கிலோ சுமாரான இரண்டு இருக்கைக் காரில், காலையில் பூட்டிய பிரேக் பேடுகளோடு மாலைவரை ஓட்டிவிட்டுப் போனார். பெரிய டிஸ்க் போடலாம் என்பீர்கள். பெரிய டிஸ்க்குக்குப் பெரிய சக்கரம் வேண்டும், பெரிய சக்கரத்துக்கு அகலமான டயர், அதைத் தாங்கத் தடித்த சஸ்பென்ஷன் கைகள், அதைப் பிடித்துக்கொள்ள உறுதியான சட்டகம். ஒரு கிலோ தனியாக வருவதில்லை, சுற்றத்தோடுதான் வருகிறது.

வளைவில் நடப்பது இதைவிட நுட்பமானது. டயரின் மேல் சுமை கூடக் கூடப் பிடிப்பும் கூடும் என்பது சரிதான். ஆனால் சுமை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை. ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் ரப்பர் திருப்பித் தருவது குறைந்துகொண்டே போகிறது. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எடை மாறும்போது உள்சக்கரம் இழக்கும் பிடிப்பை வெளிச்சக்கரம் முழுதாக ஈடுகட்டுவதில்லை; கனமான காரில் இந்த இழப்பு இன்னும் பெரிது. முன் இடது டயரின் தோள்பட்டை மட்டும் மழுங்கித் துகள் துகளாக உரிந்திருப்பதை ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பார்க்கிறேன். எந்த அட்டவணையையும்விட அந்த விளிம்பு தெளிவாகப் பேசுகிறது.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் எவ்வளவு என்பதற்குச் சமமாக முக்கியம். ஒரு பொருள் காரின் நடுப்புள்ளியிலிருந்து இருக்கும் தூரத்தின் இருமடிக்கு ஏற்பத் திரும்புதலை எதிர்க்கிறது. அரை மீட்டர் தள்ளி இருந்த மின்கலத்தை இரண்டு மீட்டர் தள்ளிப் பின்முனையில் கொண்டுபோய் வைத்தால், தராசில் ஒரு கிராமும் மாறாது, திரும்ப மறுக்கும் தன்மையில் அதன் பங்கோ 16 மடங்காகிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பிய பின் மூக்கு திரும்ப யோசிப்பதும், திரும்பிய பின் வால் நிற்க யோசிப்பதும் இதனால்தான். பின்சக்கரத் திருப்பம், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் மின்சார நிலைப்படுத்தித் தண்டு என்று இதற்கு மருந்துகள் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அவை அருமையாக வேலையும் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு மருந்தும் நோயோடு இன்னும் சில கிலோவைச் சேர்க்கிறது. சக்கரம், டயர், பிரேக் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையைப் பற்றித் தனி மடலே எழுதலாம். தோற்றத்துக்காக 21 அங்குலச் சக்கரம் பூட்டியவருக்கும் மேடுபள்ளச் சாலைக்கும் இடையில் நான் வரவில்லை.

பாதுகாப்பு விதிகளும் மாசு விதிகளும் எங்கள் கையைக் கட்டுகின்றன என்பது உங்கள் வழக்கமான பதில். அதில் உண்மை இருக்கிறது. 1996இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ், பசையால் ஒட்டிய 68 கிலோ அலுமினியச் சட்டகத்தோடு 725 கிலோவில் நின்றதை இன்றைய விதிகளின் கீழ் அப்படியே திரும்பச் செய்ய முடியாது. அதை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் ஜப்பானில் 1989இல் 940 கிலோவாக இருந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, 2015இன் நான்காம் தலைமுறையில் 990 கிலோ. இத்தனை காற்றுப் பைகளுக்கும் மோதல் விதிகளுக்கும் பிறகு ஏறியது 50 கிலோ மட்டுமே. அங்கே இருப்பவர்களுக்கும் அதே விதிகள்தாம். அல்பைன் பொறியாளர்கள் பின்புறக் கைபிரேக்கின் மோட்டாரைத் தனிக் காலிபரில் (பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியில்) வைக்காமல் முதன்மைக் காலிபருக்குள்ளேயே சேர்த்து 2.5 கிலோவைச் சேமித்தார்கள். இதில் கார்பன் ஃபைபரும் இல்லை, மாயமந்திரமும் இல்லை; ஒரே பாகத்தை இரண்டு வேலை செய்ய வைத்த யோசனைதான்.

மின்சாரம் சேர்ந்தாலே கார் கெட்டுவிடும் என்று சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ் காரில் 2024இல் வந்த கலப்பின அமைப்பை நான் மதிக்கிறேன். மின்கலத்தின் அளவு 1.9 கிலோவாட் மணி மட்டும். எடை 27 கிலோ. மின்மோட்டார் கியர்பாக்ஸுக்குள் அடங்குகிறது. குளிர்சாதனக் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் முன்னிருந்த பெல்ட் அமைப்பே தேவைப்படவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போக்கள் இரண்டு இருந்த இடத்தில் இப்போது மோட்டார் இணைந்த ஒன்றே ஒன்று. மொத்தத்தில் முந்தையதைவிட 50 கிலோதான் கூடியது, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் நேரம் 8.7 நொடி குறைந்தது. டயரும் காற்றியக்கமும் அதில் பங்கு பெற்றிருக்கும். இருந்தாலும், எடையைக் கூட்டுவதற்கு முன் அது என்ன திருப்பித் தரும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

கார் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி 1992இல் 1,138 கிலோவில் மெக்லாரன் எஃப்1 காரைச் செய்தார். அதே மனிதர் இந்த நூற்றாண்டின் விதிகளுக்கு உட்பட்டு, வி12 எஞ்சினோடு, ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடையில் டி.50 காரைச் செய்து காட்டினார். நூறே கார்கள், விலை யாருக்கும் எட்டாதது என்பதால் அதை அளவுகோலாக வைக்க மாட்டேன். என் வருத்தம் வேறு. இலகுவான இருக்கை, மெல்லிய கண்ணாடி, ஒலித்தடுப்பு நீக்கம் என்று குறைத்துக் கொடுப்பவற்றை எல்லாம் விலை உயர்ந்த சிறப்புப் பதிப்புகளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள். பொருள் குறையக் குறைய விலை ஏறும் வேறொரு வணிகம் எனக்குத் தெரிந்து பட்டினி வைத்தியம்தான்.

ஆகவே என் கோரிக்கைகள் சிறியவை. தொட்டி நிரம்பி, 75 கிலோ ஓட்டுநர் அமர்ந்த நிலையில் ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எடையை, குதிரைத்திறன் இருக்கும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். விருப்பத் தேர்வுப் பட்டியலில் ஒவ்வொரு பொருளின் விலைக்கு அருகிலும் அதன் எடையைப் போடுங்கள். கண்ணாடிக் கூரைக்கு எதிரே அந்த எண்ணைப் பார்த்த பிறகு வாங்குகிறவர் வாங்கட்டும். மோட்டார் இல்லாத இருக்கையையும் சிறிய சக்கரத்தையும் அடிப்படை மாடலிலேயே, கூடுதல் பணம் கேட்காமல், தேர்ந்தெடுக்க விடுங்கள். அடுத்த மாடலின் சோதனை ஓட்டத்துக்கு எங்களைப் போன்றவர்களை அழைப்பதாக இருந்தால் தகவல் தெரிவியுங்கள், என் நான்கு தராசுகளையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
1,538 கிலோ காரின் உரிமையாளர்