பட்டாளத்தில் லாரி ஓட்டியவனையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசு தினத்தை ஒட்டி நீங்கள் வெளியிட்ட ராணுவச் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். பீரங்கி, போர் விமானம், கமாண்டோ எல்லாம் இருந்தன. ஒரு லாரியைக்கூடக் காணோம். ராணுவத்துக்கு உணவும் எரிபொருளும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவராகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான், கண் அதைத்தானே தேடும்?

பட்டாளத்துக்காரன் என்று தெரிந்தால் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். "எத்தனை பேரைச் சுட்டீங்க?", "கேன்டீன்ல ரம் கிடைக்குமா?" யாரையும் சுடவில்லை, லாரி ஓட்டினேன் என்றதும் கேட்டவர் முகம் தொங்கிவிடும். அப்புறம் பேச்சு நேராக ரம்முக்குத்தான்.

கேட்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எங்கள் வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகும் ஊர்கூட இருக்கிறது, பட்டாளக் கதை கேட்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் துப்பாக்கியைத் தாண்டி ஒருவரும் கேட்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் லாரி ஓட்டிய பாதை, ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லே வரை, சுமார் 420 கிலோமீட்டர். வழியில் சோஜி லா கணவாய், 11,500 அடிக்கு மேல். என் காலத்தில் பனி கொட்டத் தொடங்கினால் பாதை மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். குளிர்காலம் முழுவதற்குமான அரிசி, ஆட்டா, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து அத்தனையையும் பாதை மூடுவதற்குள் மேலே ஏற்றியாக வேண்டும். வண்டிகள் வரிசை கட்டி, கான்வாய் கான்வாயாகப் போவோம். வண்டி அசோக் லேலண்ட் ஸ்டாலியன். நம்ம ஊர் கம்பெனி வண்டி என்பதில் தமிழ் டிரைவர்களுக்கு ஒரு தனி கெத்து. முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியில் ரோடே தெரியாது, அதன் பின்விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பள்ளத்தாக்குப் பக்கம் எட்டிப் பார்க்காதே என்று புதுப் பையன்களிடம் சொல்லி வைப்போம்.

காலையில் வண்டியைக் கிளப்புவது தனிக் கதை. சாதா டீசல் அந்தக் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், அதனால் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவோம். மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் லடாக்கில் கொண்டுவந்ததே 2019-இல்தான்.

லீவு முடிந்து மேலே போனவுடன் வேலை தரமாட்டார்கள். உடம்பு உயரத்துக்குப் பழக 6 நாள், அதில் முதல் 2 நாள் முழு ஓய்வு. 12,000 அடியைத் தாண்டினால் மேலும் 4 நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு 4 நாள். எனக்கென்ன என்று வீம்புக்கு ஓடியாடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், ஸ்ட்ரெச்சரில்தான் கீழே வர வேண்டும். ஊரில் இதைச் சொன்னால், "சும்மா படுக்கவா சம்பளம் குடுத்தாங்க?" என்று சிரிக்கிறார்கள்.

லாரி ஏறாத இடங்களுக்குக் கோவேறு கழுதைகள். பெடோங்கி என்று ஒன்று இருந்தது. 1971 போரில் பாகிஸ்தான் படையிடம் சிக்கி, அவர்கள் ஏற்றிவிட்ட இயந்திரத் துப்பாக்கியோடு தப்பி, நம் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது! பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், எத்தனை பேரைச் சுட்டாய் தாத்தா என்ற கேள்வியே எழுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைப் போல் வெளியே வந்தவர்களிடம் எதையும் கேளுங்கள், சொல்லக்கூடியதைச் சொல்வோம். இப்போது பணியில் இருக்கும் பையன் போன் செய்தால், எந்த இடம், எத்தனை பேர், எப்போது கிளம்புகிறீர்கள் என்று துருவாதீர்கள். அவன் வாய் தவறிச் சொன்னதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள். அவன் மனைவியிடம் "பயமா இல்லையாம்மா?" என்று கேட்பதையும் விட்டுவிடலாம். கல்யாணத்துக்குப் போனாலும் காய்கறி வாங்கப் போனாலும் அந்தப் பெண் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 7 கொடி நாளுக்கு மறுபடி சிறப்புப் பக்கம் போடுவீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். லங்கர் சமையல்காரர், நர்சிங் அசிஸ்டென்ட், சிக்னல் பிரிவில் தொலைபேசி லைன் இழுத்தவர் என்று யாராவது ஒருவரைப் பேச வையுங்கள். பதினாலாயிரம் அடியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அங்கே ஒரு கம்பெனி சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் எப்படிச் சமைத்துப் போட்டீர்கள் என்று அந்தச் சமையல்காரரிடம் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு ஒரு பக்கம் போதாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்